தட்டில் ஒட்டாத திருநீறு

என் தங்கை மரிய செல்வியைக் கட்டிய மைக்கேல்சாமி, கோபம் வந்தால் பேச மாட்டார். ஒரு பழைய துணியை எடுத்துக்கொண்டு கார்ச் சக்கரத்துக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிடுவார். ஆவுடையார்கோவில் அரிசி மில்லில் அவர் கார் ஓட்டிய காலத்தில் பாதி நாள் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார். பெண்டாட்டி முகத்தை ஏறிட்டுப் பார்க்க நேரமில்லாத ஆள் சக்கரத்தை மட்டும் இப்படிப் பார்த்துக்கொண்டிருக்கிறானே என்று நான் மனசுக்குள் திட்டியிருக்கிறேன். கடைசியில் அந்தத் திட்டில் பாதி எனக்கே சேர வேண்டியதாகப் போயிற்று.

எங்கள் இரண்டு குடும்பமும் ஆவூர். நான் அங்கே மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். மைக்கேல்சாமி வீட்டில் அண்ணன் தம்பி நாலு பேருக்கும் சேர்த்து ஒன்றரை ஏக்கர் வானம் பார்த்த பூமி. அதை நம்பினால் ஆகாது என்று யுத்தகாலத்தில் பட்டாளத்தில் சேர்ந்து லாரி ஓட்டப் பழகினார். திரும்பி வந்தவருக்கு ஆறேழு வருஷம் சரியான வேலை இல்லை. ஒரு பஸ்ஸில் மாற்று டிரைவர், ஒரு லாரியில் கிளீனர் என்று அலைந்தார். என் தங்கை கைக்குழந்தையோடு எங்கள் வீட்டில் வந்து இருந்ததும் அப்போதுதான். அவர் எங்கள் வீட்டில் சாப்பிட உட்காரும்போது தட்டைப் பார்த்தபடியே சாப்பிட்டு எழுந்து போவார். எனக்கு அது பொறுக்காது.

ஐம்பத்து மூன்றில் ஆவுடையார்கோவில் மில் முதலாளி ஆவுடையப்பன், திருமயத்துப் பக்கம் ஒரு செட்டியார் வீட்டில் ஓடாமல் நின்ற சீமைக் காரை வாங்கினார். என்ஜின் சுமார்தான். ஆனால் சக்கரத்துக் கம்பிகள் வெளியே தெரியாதபடி நாலு சக்கரத்திலும் அலுமினியத்தில் வட்டத் தட்டு மாட்டியிருந்தது. வெயிலில் அது பளபளவென்று மின்னும். அந்த மின்னலைப் பார்த்துத்தான் முதலாளி விலை பேசினார். தெரிந்தவர் ஒருவர் சொல்லி மைக்கேல்சாமி போய் நின்றபோது முதலாளி பேசியது இதுதான்:

“காரை எவன் வேணாலும் ஓட்டிப்புடுவான். இந்தத் தட்டு மங்காமப் பாத்துக்கிறவன்தான் எனக்கு டிரைவர். மில்லுக்குப் பின்னாடி ஓட்டு வீடு ஒண்ணு கெடக்கு, இருந்துக்க. தட்டு மங்குச்சுன்னா வீட்டுச் சாவியைக் குடுத்துட்டு ஊரைப் பாத்துப் போயிரணும்.”

அந்த ஓட்டு வீட்டில்தான் என் தங்கை முதன்முதலாகத் தனிக்குடித்தனம் வைத்தாள். இரண்டாவது பிள்ளை அங்கே பிறந்தது. இரண்டும் அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தன. ஆகவே அந்தத் தட்டுகள் மங்காமல் இருப்பதில் எனக்கும் அக்கறை இருந்தது.

கார் சீட்டுக்கு அடியில் இங்கிலீஷில் அச்சடித்த காகிதம் ஒன்று கிடந்தது. மைக்கேல்சாமி அதை என்னிடம் கொண்டுவந்து காட்டினார். சக்கரத் தட்டுகளைப் பராமரிக்கும் விதம் அதில் இருந்தது. நல்ல தண்ணீரில் கழுவு, மெல்லிய துணியால் ஈரம் போகத் துடை, சாம்பல், சோடா, புளிப்பு எதையும் கிட்டே கொண்டுவராதே, உப்புக்காற்று பட்டால் அன்றைக்கே கழுவு, காய்ந்தபின் மெழுகை லேசாகப் பூசு. இரும்பு கெட்டால் சிவப்பாகத் துருப்பிடிக்கும், கண்ணுக்குத் தெரியும். அலுமினியம் கெட்டால் வெள்ளையாகப் பூத்து, சொத்தைப் பல் மாதிரிக் குழி விழும் என்று நானும் வாத்தியார் தோரணையில் விளக்கினேன். எல்லாவற்றையும் கொட்டை எழுத்தில் தமிழில் எழுதிக் கொடுத்தேன். கார் ஷெட்டுச் சுவரில் ஒட்டினார். முதலாளி வீட்டில் அவரைத் தவிர ஒருத்தராவது அதைப் படித்தார்களா என்றால் இல்லை.

முதல் தொல்லை தண்ணீர். மில் கிணறு உப்பு. கழுவிக் காய்ந்தால் தட்டில் வெள்ளை வெள்ளையாகத் திட்டு நிற்கும். நல்ல தண்ணீர் வேண்டுமென்றால் ஊருணிக்குத்தான் போக வேண்டும். அது குடிக்க மட்டும். அதில் காலை நனைத்தாலே சண்டைக்கு வருவார்கள். கோடையில் வீட்டுக்கு இத்தனை குடம் என்று ஊரே கணக்கு வைத்திருக்கும். அங்கே போய் இவர் காருக்கு என்று ஒரு குடம் மொண்டார். பெண்கள் சும்மா விடுவார்களா? குடத்தைப் பிடுங்கி அங்கேயே கவிழ்த்துவிட்டார்கள். முதலாளியோ, “ஊர்ப் பொல்லாப்பு எனக்கு வேணாம்” என்று ஒதுங்கிக்கொண்டார். தட்டு மின்ன வேண்டும், ஆனால் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று அவருக்குத் தெரிய வேண்டாம்.

கடைசியில் மைக்கேல்சாமி என்ன செய்தார் தெரியுமா? தன் வீட்டுப் பங்குக் குடத்தில் கை வைத்தார். என் தங்கை சுமந்துவரும் மூன்று குடத்தில் ஒன்று சக்கரத்துக்குப் போயிற்று.

“அண்ணே, புள்ளைகளுக்குக் கஞ்சி காய்ச்சத் தண்ணி பத்தலை. இங்கிட்டு என்னடான்னா தட்டுக்குத் தெனம் அபிஷேகம் நடக்குது. நீங்களே கேளுங்க,” என்று அவள் என்னிடம் முறையிட்டாள்.

கேட்டேன். “வீடு வேணுமா, தண்ணி வேணுமான்னு ஒங்க தங்கச்சியவே கேட்டுச் சொல்லுங்க மச்சான்,” என்றார்.

இரண்டாவது தொல்லை கடற்கரையில் இருக்கும் மீமிசல். முதலாளிக்கு அங்கே உப்பளத்தில் பங்கு. வாரம் ஒருமுறை போய்வர வேண்டும். உப்புமண் தட்டு முழுக்க அப்பிக்கொண்டு வரும். மற்ற டிரைவர் என்றால் காரை நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போவான். இவர் கழுவித் துடைத்த பிறகுதான் வாயில் சோறு வைப்பார். இப்படி உப்போடும் ஊரோடும் மல்லுக்கட்டி ஆறு வருஷம் அந்தத் தட்டுகளைக் காப்பாற்றினார். அந்த வட்டாரத்தில் அலுமினியத்தைப் பற்றி அவருக்குத் தெரிந்த அளவு வேறு எவனுக்கும் தெரியாது. இதை நான் கேலியாகச் சொல்லவில்லை.

ஆனால் உப்பையும் ஊரையும் சமாளித்தவரால் வெள்ளிக்கிழமையைச் சமாளிக்க முடியவில்லை.

முதலாளியின் மனைவி சொர்ணம் நல்ல மனசுக்காரி. என் தங்கையின் பிரசவத்துக்கு வீட்டு ஆளைப் போல நின்று பார்த்தவர். அந்த அம்மா வெள்ளிக்கிழமை தோறும் குளித்துவிட்டு ஷெட்டுக்கு வந்து, திருநீற்றைக் குழைத்து நாலு தட்டிலும் மூன்று பட்டை போடுவார். நடுவில் குங்குமம். அது மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்து வீட்டில் செய்த குங்குமம். அலுமினியத்துக்கு இதைவிடப் பகை வேறு வேண்டாம். ஆரம்பத்தில் மைக்கேல்சாமி சனிக்கிழமை காலையிலேயே துடைத்துவிடுவார். ஒருநாள் சொர்ணம் அதைப் பார்த்துவிட்டார். சத்தம் போடவில்லை.

“ஏன் மைக்கேலு, வேதக்காரன்கிறதால தொடைக்கிறியா?” என்று மட்டும் கேட்டார்.

அந்த ஒரு கேள்வியில் மனுஷன் ஆடிப்போய்விட்டார். இந்துக்கார டிரைவராக இருந்தால் நாலு வார்த்தை வாதாடியிருக்கலாம். வேதக்காரன், அதாவது கிறிஸ்தவன், திருநீற்றைத் துடைத்தால் அதற்கு என்ன காரணம் சொன்னாலும் எடுபடாது. அன்றிலிருந்து அது தானாக உதிரும்வரை தொட மாட்டார். திங்கள்கிழமை கழுவும்போது மூன்று கோடு நிழல் போலத் தட்டில் பதிந்திருக்கும். அதை எடுக்க மறுபடியும் மூன்று நாள் தேய்ப்பார். எடுத்து முடிக்கும்போது அடுத்த வெள்ளி வந்துவிடும்.

ஒருமுறை துணிந்து கேட்டிருக்கிறார். “அம்மா, பட்டையை முன்கண்ணாடியில போட்டா நல்லா எடுப்பாத் தெரியுங்களே.”

“காரு ஓடுறது கண்ணாடியிலயா, சக்கரத்துலயா?” என்று சொர்ணம் திருப்பிக் கேட்டார். நியாயமான கேள்விதான். முதலாளியிடம் போனால், “அது பொம்பளைக விசயம். நீ தலையிடாத. ஆனா தட்டு மங்கக் கூடாது,” என்றார்.

ஐம்பத்தொன்பதில் முதலாளி மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. வைகாசியில் முகூர்த்தம். மாப்பிள்ளை அழைப்புக்கு இந்தக் கார்தான். “சம்பந்தி வீட்டுக்காரங்க அந்தத் தட்டுல மொகம் பாக்கணும். இல்லைன்னா ஒன் மொகத்துல நான் முழிக்க மாட்டேன்,” என்று முதலாளி கெடு வைத்துவிட்டார். அந்த வருஷம் பெரிய வெள்ளிக்கு ஆவூர் வந்திருந்த மைக்கேல்சாமி, வழிபாடு முடிந்து எல்லாரும் வீட்டுக்குப் போனபிறகும் கோயில் வாசலில் உட்கார்ந்திருந்தார்.

“ஒவ்வொரு வெள்ளிக்கெழமையும் ஒரு நூல் தேயுது மச்சான். வைகாசி வரைக்கும் தாங்காது,” என்றார்.

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. அந்தக் காகிதத்தில் மெழுகு என்று ஒரு வரி இருந்ததே. கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளையிடம் கேட்டு, எரிந்து மிஞ்சிய மெழுகுதிரித் துண்டுகளை ஒரு டப்பா நிறைய வாங்கிக் கொடுத்தேன். தேங்காய் எண்ணெயோடு உருக்கி வியாழக்கிழமை பூசிவிடுங்கள், வெள்ளிக்கிழமை போடுகிற எதுவும் அலுமினியத்தைத் தொடாது என்று சொல்லிக் கொடுத்தவன் நான். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையை நினைத்தால் இப்போது என்னையே அறையத் தோன்றுகிறது.

மெழுகு நன்றாகவே வேலை செய்தது. திங்கள்கிழமை ஒரு துடைப்பில் எல்லாம் போய்விட்டது. கோடு இல்லை, நிழல் இல்லை. இரண்டே வாரத்தில் தட்டுகள் புதுசு போல ஆயின. இவருக்கு ஆசை அதிகமாகி, அடுத்த வாரங்களில் இன்னும் கொஞ்சம் தடிமனாகப் பூசினார். அதனால் சொர்ணம் போட்ட திருநீறு மத்தியானத்துக்குள் வழுக்கிக்கொண்டு தரையில் விழுந்தது. ஒரு வெள்ளி விழுந்தது, அடுத்த வெள்ளியும் விழுந்தது. இவர் அதை ஒரு சௌகரியமாக நினைத்துக்கொண்டார். கல்யாணத்தை வைத்துக்கொண்டு காத்திருக்கும் ஒரு தாய்க்கு அது எப்பேர்ப்பட்ட அபசகுனமாகத் தெரியும் என்று அவரும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை.

மாப்பிள்ளை அழைப்புக்கு முந்தின நாள் அவரைச் சாமான் வாங்க பஸ்ஸில் புதுக்கோட்டைக்கு அனுப்பினார்கள். கல்யாணத்துக்குக் கிளம்பி வந்த நான் புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். சேர்ந்தே போனோம். வழியெல்லாம் ஒரே உற்சாகம். “நாளைக்குப் பாருங்க மச்சான், தட்டுல மாப்பிள்ளை மீசைய முறுக்கிக்கலாம்,” என்றார். அவர் அப்படிச் சிரித்துப் பேசி நான் பார்த்ததே இல்லை.

பொழுது சாய ஷெட்டுக்குப் போனோம். நாலு தட்டிலும் சாம்பல் நிறத்தில் ஏதோ கெட்டியாக அப்பிக் காய்ந்து வெடித்திருந்தது. வீட்டு வேலைக்காரப் பிச்சையம்மாள் பக்கத்தில் வாளியோடு நின்றாள்.

“அம்மாதான் பூசச் சொன்னாக. சக்கரத்துல ஏதோ பிசுக்கு இருக்காம், திருநீறு ஒட்ட மாட்டேங்குதாம். வண்ணார் வீட்டுல வெள்ளாவிக்கு வச்சிருந்த உவர்மண்ணும் சுண்ணாம்பும் வாங்கியாந்து காலையிலயே கொழைச்சுப் பூசியாச்சு. நல்லா ஊறட்டும்னாக,” என்றாள்.

உவர்மண் என்றாலே சோடா. அதோடு சுண்ணாம்பும் சேர்ந்தால் தோலையே அரித்துவிடும் காரம். அதைத்தான் பகல் முழுக்க ஊறவைத்திருக்கிறார்கள். மைக்கேல்சாமி வாளித் தண்ணீரை எடுத்து ஒரு தட்டைக் கழுவினார். அடியில் இருந்தது அடுப்பில் ஏறிய சட்டி மாதிரிக் கறுத்த ஒரு வட்டம். விரலால் தடவினால் சொரசொரவென்றிருந்தது. துணியால் துடைத்தார், துணி கறுத்தது. திரும்பத் திரும்பத் துடைத்தார். நாலு தட்டும் அப்படியேதான் இருந்தன.

எனக்குத் தாங்கவில்லை. “வாங்க மாப்பிள்ளை, மொதலாளிகிட்டப் போயி நடந்ததைச் சொல்லுவோம். இது ஒங்க தப்பு இல்லையே,” என்றேன்.

“என்னன்னு சொல்ல? அம்மா உவர்மண்ணு போட்டாகன்னு சொன்னா, எதுக்குப் போட்டேன்னு மொதலாளி அவுகளைக் கேப்பாக. பிசுக்குன்னு வரும். என்ன பிசுக்குன்னா மெழுகுன்னு சொல்லணும். எந்த மெழுகுன்னா வேதக்கோயில் மெழுகுன்னு சொல்லணும். திருநீறு ஒட்டக் கூடாதுன்னு வேதக்காரன் கோயில் மெழுகக் கொண்டாந்து பூசியிருக்கான்னு ஆகிப்போகும். வேலை மட்டுமா போகும்?”

மெழுகு டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்தவனே நான்.

முதலாளி வந்தார். தட்டுகளைப் பார்த்தார். முகம் மாறிப்போயிற்று.

“யாருடா செஞ்சது?”

“நான்தாங்க மொதலாளி. கல்யாணத்துக்கு நல்லாருக்கட்டுமேன்னு உவர்மண்ணு போட்டுக் கழுவுனேன். இப்படி ஆகும்னு தெரியாமப் போச்சுங்க.”

“தெரியாமப் போச்சா? குடிதண்ணிக்கு ஊரோட மல்லுக்கு நின்னே. செவுத்துல எழுதி ஒட்டுனே. ஆறு வருசமா என்னமோ நீதான் இதையெல்லாம் படிச்சவன்னு நெனைச்சேனே. அதுல ஒண்ணுமே தெரியாதா ஒனக்கு?”

“தெரியாதுங்க,” என்றார் மைக்கேல்சாமி.

பக்கத்தில் நின்ற எனக்குக் காது இரண்டும் எரிந்தன. நான் கொட்டை எழுத்தில் எழுதிய காகிதம் முதலாளியின் தலைக்கு மேலே சுவரில் இருந்தது. கல்யாணம் முடிந்ததும் சாவியைக் கொடுத்துவிட வேண்டும் என்று முதலாளி சொல்லிக்கொண்டிருக்கும்போதே சொர்ணம் வந்தார். தட்டுகளைப் பார்த்தார், மைக்கேல்சாமியைப் பார்த்தார்.

“நல்ல காரியத்தை வச்சிக்கிட்டு ஆரையும் வெரட்டாதீக. பூச்சரத்தைச் சுத்தி மறைச்சுக்கிடலாம். அவனுக்கும் ரெண்டு புள்ளைக இருக்கு,” என்றார். முதலாளி முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனார்.

மறுநாள் சக்கரங்களுக்குச் செவ்வந்திச் சரம் கட்டினார்கள். மாப்பிள்ளை ஏறினார், இறங்கினார். சம்பந்தி வீட்டார் ஒருத்தரும் சக்கரப் பக்கம் குனியவில்லை. மாப்பிள்ளை மீசைகூட வைத்திருக்கவில்லை.

கல்யாணத்துக்கு மறுநாள் காலை நான் ஊருக்குக் கிளம்பும்போது சொர்ணம் ஷெட்டுக்கு வந்தார். பின்னால் பிச்சையம்மாள் ஒரு கூடையோடு வந்தாள். நான் கொஞ்சம் தள்ளி நின்றேன்.

“மைக்கேலு, நான் ஒண்ணு சொல்றேன், கேட்டுக்க,” என்றார் சொர்ணம். குரலைத் தாழ்த்தித்தான் பேசினார். “பிசுக்கை நகத்தால சொரண்டிப் பாத்தேன். மெழுகுதிரி வாடை அடிச்சுச்சு. அது ஒங்க கோயிலுதா, கடையில வாங்கினதான்னு நான் கேக்கலை. எம்பொண்ணு கல்யாண நேரத்துல திருநீறு கீழ விழுந்தப்ப எம்மனசு என்ன பாடுபட்டுச்சுன்னு ஒனக்குத் தெரியாது. மெழுகப் பூசி வச்சா உள்ளுக்குள்ளயே கறுக்காம என்ன செய்யும்? நான் உவர்மண்ணு போட்டு எடுக்கப் போயித்தான் அந்தக் கறுப்பே வெளிய தெரிஞ்சுச்சு. அவுககிட்ட நான் மூச்சு விடலை. நீயும் எம்பேரச் சொல்லாம பழிய ஏத்துக்கிட்டே. அது போதும். வீட்டுல இருந்துக்க. சாவியைக் கேக்க வேணாம்னு அவுககிட்டச் சொல்லிட்டேன்.”

அந்த அம்மா நிஜமாகவே அவரை மன்னிக்கிறார். அதில் கபடம் துளியும் இல்லை. கபடம் இருந்தாலாவது கோபப்பட்டிருக்கலாம். ஆறு வருஷம் என் தங்கையின் கஞ்சித் தண்ணீரைக் கொட்டிக் காப்பாற்றியதைக் கெடுத்தவர், கெடுத்தது நீ, போனால் போகிறது என்கிறார். மறுத்து ஒரு வார்த்தை சொன்னால் வீடு போய்விடும். நான் மைக்கேல்சாமியின் முகத்தையே பார்த்தேன். தாடை ஒருதரம் அசைந்தது.

“நல்லதுங்கம்மா,” என்றார்.

“இனிமே மெழுகு கிழுகு ஒண்ணும் வேணாம். உள்ள இன்னும் ஒட்டிக்கிட்டுத்தான் இருக்கும். இந்த உவர்மண்ணப் போட்டு அழுத்தித் தேச்சுக் கழுவிரு. வாரா வாரம் இப்படிக் கழுவுனாப் போதும், வெளுத்திரும்,” என்று சொல்லிக் கூடையை இறக்கச் சொன்னார். போகவில்லை. அவர் எப்படித் தேய்க்கிறார் என்று பார்க்க அங்கேயே நின்றார்.

மைக்கேல்சாமி குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். ஒரு பிடி உவர்மண்ணை எடுத்துத் தண்ணீர் தெளித்துக் குழைத்தார். முன்சக்கரத் தட்டில் அப்பி, உள்ளங்கையால் வட்டமாகத் தேய்க்க ஆரம்பித்தார். இவ்வளவு காலமும் குழந்தைக்குத் தலை துவட்டுவது போலத் துடைத்த அதே தட்டு. மண் நறநறவென்றது.

“இன்னுங் கொஞ்சம் அழுத்தி,” என்றார் சொர்ணம்.

அழுத்தித் தேய்த்தார். தலையை நிமிர்த்தாமலே என்னிடம் சொன்னார்:

“மச்சான், ஒங்களுக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு. நீங்க கெளம்புங்க.”

பஸ்ஸுக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.